சிறப்புப் பேச்சாளர் காளியம்மா

— அந்த இடத்தில ஒருக்கா நிப்பாட்டோணும், காளியம்மா. "என்ர புருசன்ர சிறுநீரகம் ரெண்டும் பழுதாப் போச்சு" எண்டு சொல்லிப்போட்டு மூச்சு விடுங்கோ. சனத்தைப் பாருங்கோ. பிறகு மிச்சத்தைச் சொல்லுங்கோ.

— கிட்னி போயிருச்சுன்னு சொன்னா போதாதா டீச்சர்? சிறுநீரகம்னா வேற யாரோ பேசற மாதிரி இருக்கு லா.

— சரி, கிட்னி எண்டே சொல்லுங்கோ. சீட் பெல்ட்டை இழுத்துப் போடுங்கோ. ஆயர் தாவார் சந்தியில போலீஸ் நிக்கும்.

— போட்டாச்சு. நீங்க எதுக்கு டீச்சர் ஈப்போவுல இருந்து இவ்ளோ தூரம் காரெடுத்துக்கிட்டு எங்க லயத்துக்கு வந்தீங்க? நானே பஸ் புடிச்சு வந்திருப்பேன்.

— சிறப்புப் பேச்சாளரை ஆரும் பஸ்ஸில வரவிடுவினமோ? நான் எங்கட சேவைக் கிளப்புக்குச் செயலாளர். மரியாதை எண்டு ஒண்டு இருக்கு. போன கிழமை வந்த மனுசன் ஓர்க்கிட் செடியைப் பற்றிக் கதைச்சுக் கதைச்சே எங்களைச் சாகடிச்சுப்போட்டார். கோழியைச் சாப்பிட்டுப்போட்டுப் பாதிப் பேர் நித்திரை. தலைவர் மணி அடிச்சுத்தான் எழுப்பினவர்.

— அலாமா! நான் பேசினா மீதிப் பாதியும் தூங்கிருவாங்க.

— தூங்கேலாது. உங்கட கதை அப்பிடி. கேளுங்கோ, சாப்பாடு முடியக் கை தூக்கி வாக்கெடுப்பு இருக்கு. சித்தியவான் டயாலிசிஸ் சென்டரில உங்கட மனுசன் கனகராஜுக்கு எண்டு எங்கட கிளப் காசு கட்டி எடுத்துக் குடுத்த கதிரையை அடுத்த வருசமும் வைச்சிருக்கிறதோ, விடுறதோ எண்டு. வரப்போற தலைவர் விக்னேஸ்வரன் அதை விட்டுப்போட்டு மரம் நடுவம் எண்டுறார். மரம் எண்டால் ஒரு நாளில நட்டுப் படமும் எடுத்துப்போடலாம் பாருங்கோ. உங்கட பேச்சிலதான் எல்லாம் கிடக்கு.

— நான் ஒழுங்கா பேசிட்டா நாக்காலி போகாது?

— போகாது. அதுக்கு நான் பொறுப்பு.

— ஒண்ணு கேக்கவா டீச்சர்? அந்த நாக்காலி அவரு பேர்ல இருக்கா, கிளப் பேர்ல இருக்கா?

— அவற்ற பேரிலதான். எங்கட சட்டம் அப்பிடி. ஒரு ஆளைப் பொறுப்பெடுத்தால் அந்த ஆளுக்கு மட்டும்தான். அவருக்குத் தேவையில்லை எண்டு வந்தால் திட்டமும் முடிஞ்சுது. வேற ஆளுக்கு மாத்தேலாது. ஏன் கேக்கிறீங்கள்?

— சும்மாதான். தாப்பா டீச்சர், பரவால்ல விடுங்க.

— என்ன எதுக்கெடுத்தாலும் தாப்பா தாப்பா எண்டுறீங்கள்! முகமும் வாடிக் கிடக்கு. ஒரு சொல்லுச் சொல்லுவன், கோவிக்கக் கூடாது. உந்தத் தாலியை ஏன் சேலைக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறீங்கள்? வெளியில எடுத்து விடுங்கோ. புருசனுக்காகப் போராடுற பொம்பிளை எண்டு பாத்த உடன விளங்கோணும்.

— உள்ளயே இருக்கட்டும் டீச்சர். உறுத்துது.

— இத்தனை வருசம் கட்டின தாலி இண்டைக்குத்தான் உறுத்துதோ?

— இன்னைக்குத்தான் உறுத்துது.

— உங்கட போன் அடிக்குது. எடுங்கோ, எடுங்கோ.

— ஹலோ... ம், சொல்லு. ஒக்காந்தாச்சா? ஊசி குத்திட்டாங்களா? வலிக்கத்தான் செய்யும். மொதல்ல அப்படித்தான். நர்ஸ் மிஸ்ஸி இருக்காங்கல்ல, அவங்க பாத்துக்குவாங்க. மெஷினப் பாக்காத, ஜன்னலப் பாரு. பயப்படாம கண்ண மூடிக்கோ... நான் ஈப்போ போயிட்டு வந்துர்றேன். வைக்கிறேன்.

— கனகராஜோ?

— அங்கதான் டீச்சர். நாக்காலியில ஒக்காந்தாச்சு.

— நல்லது. ஆனா நீங்கள் புருசனோட நீ, வா, போ எண்டோ கதைக்கிறனீங்கள்? போன மாசம் எங்கட கிளப் விழாவில வாங்க போங்க எண்டு மரியாதையாக் கதைச்ச ஞாபகம்.

— நோவு வந்தப்புறம் எல்லாம் புள்ளைங்க மாதிரிதானே டீச்சர்.

— அச்சா! இதைத்தான் மேடையில சொல்லோணும். "நோய் வந்தாப் பிறகு என்ர புருசன் எனக்குப் பிள்ளை." விக்னேஸ்வரனே அழுவார். சரி, சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைச் சொல்லுங்கோ பாப்பம்.

— வாழப்பழம் ஆகாது. தக்காளி ஆகாது. தண்ணிய அளந்துதான் குடிக்கணும். நாக்கு ஒட்டிக்கிட்டாக்கூட ஒரு ஐஸ் கட்டிய வாயில போட்டுக்கிட்டு சமாளிப்பாரு. எல்லாத்தையும் விட முக்கியமா...

— காணும், காணும். ரெண்டு சாமான் போதும். நீட்டினால் சனத்துக்கு அலுப்பு. ஐஸ் கட்டி நல்லாயிருக்கு, அதை விடாதேங்கோ. நீங்கள் அதைச் சொல்லேக்க நான் பின்னால திரையில படம் போடுவன்.

— என்ன படம்?

— விழாவில எடுத்தது. பாகான் டத்தோவில இருந்து எங்கட பிரமுகர் லொறி நிறைய இளநீர் கொண்டுவந்து இறக்கினவரெல்லே. அவர் தன்ர கையால கனகராஜுக்குக் குடுக்கிற படம். என்ன வடிவு தெரியுமோ! கனகராஜ் சிரிச்சுக்கொண்டு குடிக்கிறார். முதல் எடுத்ததில பிரமுகர் கண்ணை மூடிப்போட்டார், சரிவரேல்லை. நான்தான் இன்னொரு இளநீர் வெட்டச் சொல்லித் திருப்பி எடுத்தது.

— ஞாபகம் இருக்கு டீச்சர்.

— நீங்கள் கீழ நிண்டு ரெண்டு கையையும் ஆட்டினீங்கள். நானும் மேடையில நிண்டு உங்களுக்குக் கை ஆட்டினன். அவ்வளவு சனத்துக்குள்ளயும் உங்கட சந்தோசத்தைக் கண்டனான்.

— ஆமா. ஆட்டினேன்.

— வந்தவை எல்லாருக்கும் அண்டைக்கு மனம் நிறைஞ்சு போச்சு.

— அன்னைக்கு சனிக்கெழம டீச்சர். அவரு மெஷின்ல ஒக்கார்ற நாளு. கிளப் கூப்பிட்டிருக்கு, போகாம இருந்தா நல்லாருக்காதுன்னு திங்கக்கெழமைக்கு மாத்திக்கிட்டாரு.

— அப்பிடியோ? பாத்தீங்களே, எவ்வளவு நன்றி உள்ள மனுசன்! இதையும் சொல்லுங்கோ. நான் ஏன் இவ்வளவு பாடுபடுறன் எண்டு நினைக்கிறீங்கள்? அந்த மனுசன்ர முகத்துக்காகத்தான். எத்தினையோ பேருக்குச் சக்கர நாற்காலி, மூக்குக் கண்ணாடி, அரிசிப் பை எண்டு குடுத்திருக்கிறம். ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. கனகராஜ் மட்டும்தான் வாசல் வரைக்கும் வந்து, "போயிட்டு வாங்க டீச்சர்" எண்டு சொன்னவர்.

— கால் வீங்கியிருந்துச்சு. நடக்க ரொம்ப சூசா, கஷ்டப்பட்டாரு. இருந்தாலும் வாசல் வரைக்கும் போகணும்னாரு.

— ஏன் அழுறீங்கள்? கொஞ்சம் பொறுங்கோ, அதை மேடைக்கு வைச்சிருங்கோ... சும்மா பகிடிக்குச் சொன்னனான், காளியம்மா. இந்தாங்கோ, டிசூ. பத்து காஜா டவுனும் தாண்டியாச்சு, இனிக் கிட்டத்தான். உங்களுக்கு ஒரு சந்தோசமான விசயம் சொல்லட்டோ? ஒருத்தருக்கும் சொல்லாமல் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறன்.

— என்ன டீச்சர்?

— நீங்கள் பேசி முடிச்ச உடன சென்டருக்கு வீடியோ கோல் எடுக்கப்போறன். கனகராஜ் கதிரையில இருந்தபடி பெரிய திரையில எல்லாருக்கும் கை காட்டோணும். பிறகு மரம் நடப்போறம் எண்டு ஆர் வாய் திறப்பினம்?

— வேணாம் டீச்சர்.

— வெக்கப்படுவாரோ? ஒரு நிமிசம்தான்.

— வேணாம்னு சொல்றேன்ல. அவரு அங்க இல்ல.

— இப்பதானே உங்களோட கதைச்சவர்!

— அது ஷாமினி. எங்க பக்கத்து வீட்டு அப்பாவு அண்ணன் மக. அவதான் நாக்காலியில ஒக்காந்திருக்கா.

— எனக்கு விளங்கேல்லை. அப்ப கனகராஜ் எங்க?

— கார ஓரமா நிறுத்துங்க டீச்சர்.

— சொல்லுங்கோ, என்ன நடந்தது?

— நீங்க மொதல்ல நிறுத்துங்க. சொல்றேன்.

— நிப்பாட்டிப்போட்டன். சொல்லுங்கோ.

— கருமாதியே முடிஞ்சிருச்சு டீச்சர். கழட்டின தாலிய கோயில் உண்டியல்ல போட மனசு வரல, ஒரு டப்பாவுல போட்டு வச்சிருந்தேன். காலையில நானே எடுத்து, நானே முடிச்சுப் போட்டுக் கட்டிக்கிட்டு வந்தேன். நீங்க வேற வெளிய எடுத்து விடுன்னு சொல்றீங்க.

— ஐயோ! ஐயோ என்ர கடவுளே! எப்ப?

— விழா முடிஞ்சு வந்த திங்கக்கெழம. விடியறதுக்கு முன்னால. அன்னைக்குத்தான் மெஷினுக்குப் போக வேண்டியது.

— எனக்கு ஏன் சொல்லேல்லை? நான் ஓடி வந்திருப்பனே! போன கிழமையும் போன் எடுத்தனான், சுகமா இருக்கிறார் எண்டு சொன்னீங்கள். அதை நம்பி நானும் முழுச் சபைக்கும் சொன்னனான். என்னைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டீங்களே, காளியம்மா!

— ஆக்கிட்டேன். தப்புதான். நீங்க அடிச்சாலும் வாங்கிக்கிறேன். ஆனா சொல்லியிருந்தா அன்னைக்கே நாக்காலிய எடுத்திருப்பாங்கல்ல? நீங்கதானே சொன்னீங்க, ஆள் இல்லன்னா திட்டமும் முடிஞ்சுதுன்னு. அந்தப் புள்ளைக்கும் கிட்னி போயிருச்சு, பெரியாஸ்பத்திரியில இன்னும் எடம் கெடைக்கல. ராத்திரியில படுக்க முடியாம செவுத்துல சாஞ்சு ஒக்காந்துக்கிட்டு மூச்சு வாங்கறா. எங்க வீட்டுக்குக் கேக்குது டீச்சர். அவரும் அப்படித்தான் மூச்சு வாங்கினாரு. இன்னொரு தடவ என்னால அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருக்க முடியாது. மிஸ்ஸி கையக் கால புடிச்சுக் கெஞ்சினேன். இந்த மாசம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னாங்க.

— அழாதேங்கோ. என்னையும் அழ வைக்கிறீங்கள். கொஞ்சம் யோசிக்க விடுங்கோ.

— நேரமாகுதே டீச்சர். அங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க.

— இருக்கட்டும். கேளுங்கோ, பொய் சொல்ல என்னால ஏலாது. உள்ளதைச் சொல்லுவம். கனகராஜ் போயிட்டார், அந்தக் கதிரையிலதான் இப்ப ஒரு குமர்ப்பிள்ளையின்ர உயிர் இருக்குது எண்டு நானே எழும்பிச் சொல்லுறன். சட்டத்தை மாத்துங்கோ எண்டு கேக்கிறன். விக்னேஸ்வரன்ர காலில விழவேணும் எண்டாலும் விழுறன். அந்தப் படத்தையும் பெரிசாப் போட்டு, இதுதான் அந்த மனுசன்ர கடைசிச் சிரிப்பு எண்டு சொல்லுறன். ஒருத்தரும் கை தூக்காமல் இருக்கேலாது.

— மெய்யாவா டீச்சர்? ஷாமினிக்கே குடுத்துருவாங்களா?

— அந்தப் படத்தைக் கண்டால் கல்லும் கரையும்.

— நீங்க என்ன வேணாலும் சொல்லுங்க. நானும் சொல்றேன். அழச் சொன்னா அழறேன். அந்தப் படம் மட்டும் வேணாம்.

— படம் இல்லாமல் சும்மா சொன்னால் ஏறாது, காளியம்மா. அந்தப் பிள்ளைக்காகத்தானே? உங்களுக்கு ஏன் அந்தப் படத்தில இவ்வளவு வெறுப்பு?

— ஆஸ்பத்திரியில அவர எறக்கினதும் டாக்டர் என்கிட்ட கேட்ட மொத கேள்வி, இளநீ குடிச்சாரான்னு. கிட்னி போனவங்களுக்கு அது வெசம் டீச்சர். நெஞ்ச நிறுத்திரும்.

— கடவுளே... எனக்குத் தெரியாதே. ஆனா, அது ஒரு மிடறுதானே? படத்துக்கு எண்டு சும்மா வாயில வைச்சவர்தானே?

— பெரிய மனுசரு கையால குடுத்தத மிச்சம் வைக்கக் கூடாதுன்னு மொத இளநீய முழுசா குடிச்சாரு டீச்சர். நீங்க திரையில போடற படத்துல இருக்கறது ரெண்டாவது.