பொக்கம் குறையவில்லையே

நாகர்கோவிலிலிருந்து அஞ்சுகிராமம் போகும், கரியில் ஓடும் யுத்தகால பஸ் சுசீந்திரம் பாலத்தருகே நின்று மூச்சு வாங்கியது. எனக்கு முன் இருக்கையில் நல்ல பொக்கமாய், நெட்டையான கல்லூரி மாணவன் ஒருவன் மடியில் தகரப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவனுடைய அக்கா. அவள் கேட்டது பஸ் முழுக்கக் கேட்டது.

“உனக்க பொக்கம் ஒரு இஞ்சுகூட கொறையல்லியே. பெறவு எதுக்குலே ஆஸ்டல்லயிருந்து எறக்கிவிட்டானுவ?”

“பாஸ்கட்பால் சாரு திருவனந்தபுரத்துல வேற காலேஜுக்குப் போயிட்டாருக்கா. புது சாரு அவருக்க பழைய பிள்ளையள்ல அஞ்சு பேரக் கூட்டிட்டு வந்துட்டாரு. டீமில இல்லாதவனுக்கு ஆஸ்டல் கெடையாதாம்.”

“நடவு நடந்த வயலுக்குள்ள வந்து, மம்பட்டிக் கணைக் கம்ப வச்சு உன்ன அளந்தது அந்தப் பழைய சாருதானே? வாத்தியார் டிரெயினிங்குக்குப் பெட்டி கெட்டி வச்சிருந்தவன, நாலு வருஷம் நான் பாத்துக்கிடுகேன்னு சொல்லித்தானே கூட்டிட்டுப் போனான்? அந்த சீட்டு இனிக் கெடைக்குமா? அவனுக்கு மட்டி வாழக்கொல வேற வெட்டிக் குடுத்தேன்!”

“சாரு நல்லவருதான்க்கா. அங்க பெரிய டீமு.”

“நல்லவன்னா உன்னையும்லா கூட்டிட்டுப் போயிருக்கணும். ஒரு வார்த்த சொல்லிட்டாவது போனானா?”

“இல்ல. நேத்துதான் லெட்டர் வந்தது.”

“என்ன எழுதியிருக்கான்?”

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான்.

“நம்ம தம்பி இப்ப எவ்வளவு பொக்கம் வந்திருக்கான்னு கேட்டிருக்காரு.”

பஸ் கிளம்பியது. அந்த இரைச்சலிலும் அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது.

“பிடுங்கின நாத்த நடாம வரப்பில எறிஞ்சிட்டுப் போனவன், நாத்தங்கால்ல இன்னும் மிச்சம் கெடக்கான்னு கேக்கானா?”