தங்கத்தின் கட்டில்

— அந்த டின்னைக் கீழ வைங்கண்ணே. கறுப்புத் தார் எண்ணெய் அது. வேலிக்காலுக்கு அடிக்கலாம், பாலத்துக்கு அடிக்கலாம். படுக்கிற கட்டிலுக்கு அடிக்கலாமா?

— ஜாலான் புசார் முழுக்கக் கேட்டுட்டு வர்றேன் பாய். பூச்சி வராம இருக்க இதுதான்னு எல்லாக் கடையிலயும் சொல்றாங்க.

— பூச்சி வராதுதான். அந்த வாடைக்கு மனுசனும் வரமாட்டான்லா. என்னா மரம்?

— மெராந்தி. வெறும் மரம், இன்னும் ஒண்ணும் பூசல. நானே செஞ்ச கட்டில், சுத்திவர தடுப்புச் சட்டம் வச்சிருக்கேன். பெயிண்ட் அடிச்சா உரிச்சு வாயில போட்டுக்கும்.

— ஓ, அப்படிச் சொல்லுங்க! சின்னப்புள்ள சமாச்சாரம்.

— சட்டத்தைக் கடிக்குது பாய். ரெண்டு நாள்தான் கட்டிலைப் போட்டேன், அதுக்குள்ள பல்லுத் தடம் விழுந்திருச்சு.

— என் மக ஆயிஷா நாற்காலிக் காலையே கடிச்சுத் துப்பினவ. உங்களுது பொண்ணா, பையனா?

— பொண்ணு.

— பேரு?

— தங்கம்.

— மாஷா அல்லா. தலை நரைச்ச காலத்துல வீட்டுக்குத் தங்கம் வந்திருக்கு. உங்க பேரு?

— மருதப்பன். கொஞ்சம் சீக்கிரம் கொடுத்தீங்கன்னா...

— இந்தக் காதர் மைதீன் சொல்றதைக் கேளுங்க மருதப்பண்ணே. காலுக்கும் அடிப்பலகைக்கும் வெங்காரம். வெந்நீர்ல கரைச்சு, மரம் குடிக்கிற வரைக்கும் தடவுங்க. வண்டு அண்டாது, பூஞ்சணமும் பிடிக்காது. ஆனா அதுவும் வாய்க்குள்ள போகக் கூடாது பாருங்க. அதனால கடிக்கிற சட்டத்துக்கு வேணாம். அங்க ஆளிவிதை எண்ணெயில கொஞ்சம் தேன்மெழுகு உருக்கித் தேய்ங்க. சுத்தமான எண்ணெய் தர்றேன், சீக்கிரம் காயறதுக்கு மருந்து கலக்காதது.

— ஈரம் தாங்குமா? ராத்திரி நனைச்சிடும். பழைய கட்டில் அப்படித்தான் உளுத்துப் போச்சு.

— வெங்காரம் தண்ணியில கரைஞ்சு போயிடும். அதான் நல்லாக் காய்ஞ்சதும் மேல எண்ணெய் பூசணும்ங்கறேன். பலகை மேல ரப்பர் ஷீட் போடுங்க. ஆங், எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில போட்டுடாதீங்க, தானாத் தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப்போடுங்க. கட்டில் என்னா நீளம்?

— ஆறரை அடி.

— இந்தப் புள்ளைக்கா?

— நானும் பக்கத்துல படுக்கணும்ல பாய். கையைப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூங்குது.

— அம்மா எங்க?

— இல்ல. காலமாயிட்டாங்க.

— யா அல்லா. தெரியாமக் கேட்டுட்டேன்ணே. வீட்டுல வேற யாரு?

— யாருமில்ல. நாங்க இருந்த கம்பத்துக் குடிசைங்களை இடிச்சுட்டு தோ பாயோ பக்கம் வீடு கொடுத்திருக்காங்க, ஏழாவது மாடியில. கம்பத்துல யாராவது எட்டிப் பார்ப்பாங்க. இங்க எல்லாக் கதவும் சாத்தியே கெடக்கு. எதிர்வீட்டு மலாய்க்காரம்மாகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். நான் கிளம்பினா அழுவுது. திரும்பிப் போனா, யாரோ வந்திருக்கான்னு பார்க்குது.

— சோறு ஊட்டுறது, குளிப்பாட்டுறது?

— எல்லாம் நான்தான். சடை பின்னக்கூடக் கத்துக்கிட்டேன்.

— நம்மளால ஆகாதுண்ணே அதெல்லாம். பேச்சு வந்திருச்சா?

— ஒண்ணு ரெண்டு வார்த்தை. நேத்து என்னைப் பார்த்து அப்பான்னு கூப்பிட்டுச்சு.

— அடடே! அதுக்கா கண்ணு கலங்குறீங்க? கேக்கக் கொடுத்து வச்சிருக்கணும்லா!

— ம்.

— நீங்க என்னா சொன்னீங்க?

— 'என்னாம்மா'ன்னேன். சிரிச்சுச்சு.

— அது போதும்ணே! இந்தாங்க எண்ணெய், மெழுகு, வெங்காரம். வெங்காரத்தை அதுக்கு எட்டாத எடத்துல வைங்க. இப்பத்தான் கஷ்டம். இன்னும் நாலு வருஷம் போனா பள்ளிக்கூடம் போயிடும். அப்புறம் பாருங்க, காலையில உங்களை எழுப்பி, தேத்தண்ணி போட்டுக் கையில கொடுக்கும்.

— கல்யாணமான நாள்லேருந்து கொடுத்துச்சு பாய். இப்ப எல்லாம் மறந்து போச்சு. தங்கம் என் சம்சாரம்.