எட்டாம் தேதி திறக்கப்பட்ட ஜாடி

இந்த இரங்கல் கூட்டத்தின் மேடையில் அமர்ந்திருக்கும் ஆய்வக இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த முள் டாக்டர் அம்மாவின் மகளே, ஆய்வகத் தோழர்களே, வணக்கம்.

இன்று காலை உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் மென்பவளம் இருக்கும் ஜாடியில் இப்போது ஸ்பிரிட் இல்லை, ஃபார்மலின் இருக்கிறது. மாதிரி அறைப் பொறுப்பாளர் சோதித்துக் கையெழுத்திட்ட தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது.

வெளியாருக்காக ஒரு விளக்கம். மென்பவளம் கடலடிப் பாறையில் வளரும் உயிர்; அதன் சதைக்குள் தூசி அளவில் சுண்ணாம்பு முட்கள் உண்டு. அவற்றின் வடிவம்தான் இனத்தைச் சொல்லும். ஸ்பிரிட் அவற்றைக் காக்கும்; பிணவறையில் பயன்படும் ஃபார்மலின் நாளடைவில் கரைத்துவிடும். முப்பத்தோரு ஆண்டுகள் அந்த முட்களையே பார்த்ததால்தான் அம்மாவுக்கு 'முள் டாக்டர்' என்ற பட்டப்பெயர்.

நான் முதல்முறை அவரிடம் பேட்டிக்குப் போனபோது இரண்டு ஜாடிகளைத் திறந்து நீட்டினார்.

"மூக்கைக் கொண்டா, நிருபரே. இது ஸ்பிரிட். இது பிணவறை வாடை. மாத்தி ஊத்துனா என் பொண்ணுங்க எலும்பில்லாம நிப்பாளுங்க."

அப்படிப்பட்டவரா மாற்றி ஊற்றினார்?

தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒருமுறை பதிவான இனம் ஒன்று உண்டு. இந்த ஜாடியில் இருப்பது அதே இனம்தான் என்று அம்மா எழுதினார். இது கிடைத்த கடல் பாறைத்திட்டில் சாதாரண இனங்களே உண்டு என்று முன்பு அறிக்கை எழுதியவர் இயக்குநர். முட்களை மறுபடி காட்ட முடியாவிட்டால், அம்மாவின் ஆறாண்டு உழைப்பு 'பிழையான அடையாளம்' என்றே பதிவாகும்.

சற்றுமுன் இயக்குநரிடம் கேட்டேன். "வயசாச்சு சார், கை தவறியிருக்கும். போனவங்களைப் பத்தி இப்ப எதுக்கு?" என்றார்.

எந்தக் கை, ஐயா? இன்றைய சோதனைக்கு முன் ஜாடி கடைசியாகத் திறக்கப்பட்டது எட்டாம் தேதி. பதிவேட்டில் இருப்பது அம்மாவின் கையெழுத்து. ஆறாம் தேதியே அவர் மருத்துவமனையில் நினைவிழந்தார். பிறகு கண் திறக்கவே இல்லை. எட்டாம் தேதி அந்தக் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. மகள் பக்கத்தில் இருந்தார்.

யார் கையெழுத்திட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்வது என் தொழில் அல்ல. தெரியும்வரை கேட்பேன். அம்மாவுக்கு நான் தரும் வாக்கு அதுதான்.

நோயில் விழுவதற்கு ஒரு வாரம் முன்பு, அதே மென்பவளத்தில் நகக்கண் அளவு வெட்டி, ஸ்பிரிட்டில் போட்டு, வேறொரு பல்கலைக்கழக நிபுணருக்கு அம்மா அனுப்பியிருக்கிறார். அஞ்சல் ரசீது மகளிடம் கிடைத்தது. துண்டு வந்துசேர்ந்ததாக நிபுணர் நேற்று தொலைபேசியில் சொன்னார். எந்தப் பல்கலைக்கழகம் என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.

அதில் முட்கள் இருக்கின்றனவா, அவை அம்மா சொன்ன வடிவமா என்பது இன்னும் தெரியவில்லை. வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு முடிவு வரும். எதுவானாலும் வெள்ளிக்கிழமை காலை எங்கள் பத்திரிகையில் அச்சில் வரும்.