அந்த வளைவில் பிடிக்காத பிரேக்

"இறக்கத்துல நான் ஓட்டினா, எஞ்சின வச்சு வேகத்த அடக்குற அந்த எக்ஸாஸ்ட் பிரேக் சிலநேரம் பிடிக்க மாட்டேங்குது. நீ ஓட்டினா எப்பவும் பிடிக்குது. வண்டிக்கும் ஆளு தெரியுமா மக்கா?"

பேச்சிப்பாறையிலிருந்து திருவட்டாறு போகும் பேருந்தில், என் முன்னிருக்கையில் இருந்தவர் தம் மைத்துனனிடம் கேட்டார். பட்டறையில் விட்டிருந்த பிக்கப்பை எடுக்கப் போகிறார்கள். ரப்பர் பால் வெட்டும் பெண்களைத் தினமும் அதில்தான் அவர் மலையிலிருந்து இறக்குகிறாராம்.

"மெக்கானிக் எல்லாம் பாத்தாச்சு, ஒரு குறையும் இல்லையாம். நேத்து வண்டிய பட்டறையில விட வரும்போ நான் உங்க காலைப் பாத்தேன் அத்தான். இடது காலு கிளச்சுல கெடக்குது. கிளச்ச மிதிச்சா அந்தப் பிரேக் விட்டுரும்லா?"

"எல்லா இறக்கத்துலயுமா மிதிக்கேன்?"

"இல்ல. உங்க அண்ணன் வண்டி கவிழ்ந்த வளைவுல மட்டும்."

அவர் குனிந்து தம் இடது காலைப் பார்த்தார்.

"இனி மிதிக்காதிய, அவ்வளவுதான். இதுக்குப் போயி அந்த மெக்கானிக்குக்க உயிர எடுத்துட்டியளே" என்று மைத்துனன் சிரித்தான்.

அவர் சிரிக்கவில்லை. "நான் எங்க மிதிக்கேன்? அந்த எடம் வந்தா காலு தானா போவுது. நாளையில இருந்து பொம்பளையள நீ இறக்கு."

"அப்போ நீங்க?"

"நான் பின்னால அவியகூட இருந்து வாறேன்."