கல்யாண முருங்கைக் கொம்பு

— அந்தக் கொம்பு வேணாம்டி, கோணலா இருக்குது. மேக்கால செவுத்துப் பக்கம் நெட்டா போவுது பாரு, அத வெட்டு.

— அத வெட்டுனா உங்க ரூமுக்கு வெயில் நேரா அடிக்கும் அத்தே. மத்தியானத்துல படுக்க முடியாது.

— அடிச்சா அடிக்கட்டும். நான் இனிமே ஹால்ல படுத்துக்கறேன். பந்தக்காலுக்கு நேரான கொம்புதான் வேணும். இந்த மரத்துக்கு இன்னா, வெட்டுன எடத்துல நாலு தளிர் வுடும். வச்சவளுக்குத்தான் ஒண்ணுமே வுடல.

— அந்த அருவாள எட்டிக் குடுங்க அத்தே.

— இன்னாடி, நல்ல நாளும் அதுவுமா மூஞ்சி தொங்குது?

— இல்லீங்க அத்தே. கையில முள்ளு குத்திடுச்சி.

— குத்தும். வாசல்ல முள்ளு மரம் எதுக்குனு அன்னிக்கே கேட்டேன். கேட்டியா நீ? கீழ்பென்னாத்தூர்ல உங்கப்பன் வீட்டு வேலியில ஒரு கழிய ஒடிச்சி, மடியில வச்சிக்கினு பஸ்ல வந்த. சீர்வரிசை மாதிரி.

— அப்போ இந்தத் தெருவுல ஒரு பொட்டு நெழலு கெடையாதே அத்தே. புது வீடு, அந்தச் செவுரு பொழுது சாஞ்சும் கொதிக்கும். நீங்கதான் ஈரத்துணிய நெஞ்சுல போட்டுக்கினு படுத்திருப்பீங்க. வேம்பு வச்சா வளர நாளாவும், இது சீக்கிரம் வந்துடும்னு வச்சேன். ரெண்டு மழைக்கே செவுத்தத் தாண்டிடுச்சி.

— எனக்கா வச்ச? இதோட எலயத் தின்னா வயித்துல தங்கும்னு எவளோ சொன்னா, அதுக்கு வச்ச. அடை, கஷாயம்னு மரத்த மொட்டையடிச்சித் தின்ன. ஆமாவா இல்லியா?

— ரெண்டுக்குந்தான் அத்தே.

— நெழலாவது வந்துச்சி. சரி, எறங்கு. கொம்பு தரையில படக் கூடாது, எங்கிட்ட குடு.

— அத்தே, ஒண்ணு கேக்கட்டுங்களா? நெஜமாவே நான் நடலாமா?

— நீதான் நடணும்னு எத்தினி வாட்டி சொல்றது? இந்த வீட்டு மூத்த மருமவ யாரு?

— இல்ல, எதுத்த வீட்டு சினேகா வளைகாப்பு அன்னிக்கு என்னை உள்ள போயி கதவச் சாத்திக்கச் சொன்னீங்க. அதான் கேட்டேன்.

— அது ஊரான் வீடு. இது நம்ம வீட்டுக் கல்யாணம்.

— நம்ம வீட்டுக் கல்யாணம்னு நீங்க சொல்றதே எனக்குப் போதுங்க அத்தே. வந்ததுலருந்து ஒரு நல்லதுக்கும் நீங்க என்னை முன்னால கூப்டதில்ல. என் கொழுந்தன் அன்பு கல்யாணத்துக்கு நானே கால் நடறேன்னு நம்பவே முடியல.

— பேசிக்கினே நிக்காம மஞ்சளப் பூசு. அடியிலருந்து மேல பூசிக்கினு வா. குங்குமம் வை.

— பக்கத்துல ஒருத்தரையும் கூப்புடலியே அத்தே? நாலு சுமங்கலிங்களாவது நிக்க வேணாமா?

— நேரம் கம்மி. கோயில்ல சிம்பிளா தாலி கட்டறதுக்கு ஊரக் கூட்டி இன்னா பண்ண?

— அன்பு கூட மெட்ராஸ்லருந்து இன்னும் வரலியே. கால் நட்ட கையோட மாப்பிள்ளைக்குக் காப்பு கட்டணுமே.

— மாப்பிள்ள வருவான். நீ குழியப் பாரு. நவதானியத்தப் போடு, பால ஊத்து.

— பொண்ணு போட்டோவையாவது காட்டியிருக்கலாம் நீங்க. அவரை மட்டும் கூட்டிக்கினு போயி பாத்துட்டு வந்தீங்க. பொண்ணு எப்பிடினு கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கறாரு. இப்பவும் பாருங்க, உள்ள கதவச் சாத்திக்கினு இருக்காரு.

— உம் புருசன் என்னிக்கு வாயத் தொறந்தான்? நான் சொல்றேன் கேளு. செங்கத்துப் பொண்ணு. நல்ல ஒடம்பு. அக்காக்காரிக்கு மூணு, தங்கச்சிக்கு ரெண்டு. போதுமா?

— போதுங்க அத்தே. மோதரம் மட்டும் பெருசாப் போச்சி. அவரு வெரல்ல போட்டு அளவு பாத்தீங்களாமே? அன்பு வெரலு ஒல்லியாச்சே, கழண்டு வுழுந்துடப் போவுது.

— வுழாது. உன் துணிமணியெல்லாம் அந்த மேக்கால ரூமுக்கு மாத்திட்டியா?

— நேத்தே மாத்திட்டேன். கல்யாணம் முடியிற வரைக்குந்தானுங்களே?

— பாப்போம். கொம்ப எறக்கு. நேராப் புடி. மண்ண காலால தள்ளாத, கையால அமுத்து.

— நின்னுடுச்சி அத்தே. சோக்கா இருக்குது இல்ல? இது வேர் புடிச்சிடும் பாருங்க. வர்ற பொண்ணுக்கு இந்தப் பக்கமும் ஒரு நெழலு ஆவும். அவ கொழந்தைய நான்தான் வச்சிக்கினு இங்க ஒக்காருவேன். வேணாம்னு சொல்லக் கூடாது நீங்க, இப்பவே சொல்லிட்டேன்.

— அப்பிடியே நில்லு. மலையப் பாத்து கும்புடு. மனசு நெறஞ்சி நட்டியா? வாயத் தொறந்து சொல்லு.

— நெறஞ்சிதான் நட்டேன்.

— மனசுல ஒரு கொறையும் இல்லியே? அப்போ வர்றவள வாழ்த்து.

— அண்ணாமலையாரே, வர்ற பொண்ணு மஞ்ச குங்குமத்தோட நல்லா இருக்கணும். சீக்கிரமா ஒரு புள்ளயப் பெத்துக்கணும். நான் வாங்கன பேச்ச அவ வாங்கக் கூடாது. எனக்குக் குடுக்காதத எல்லாம் அவளுக்குக் குடு.

— இது போதும். ஜோசியரு கேட்டது இதத்தான். மொதல் பொண்டாட்டி தன் கையால கால் நட்டு, மனசார வாழ்த்திட்டா, ரெண்டாவதா வர்றவள அவ வயித்தெரிச்சல் தொடாதாம்.

— யாரோட மொதல் பொண்டாட்டி அத்தே? அன்புவுக்கு ஏது...

— கோபி, கதவத் தொறந்துக்கினு வெளிய வாடா. உம் பொண்டாட்டி வாழ்த்திட்டா. வந்து கைய நீட்டு, அவளே காப்பு கட்டட்டும்.