பெட்டைக்குக் கொடுத்த சுண்ணாம்புச் சத்து

கூண்டுப் பறவைக்குத் தினையும் தண்ணீரும் வைத்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போதாது சார். முட்டையிடும் பெட்டைக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கூண்டுக் கம்பியில் கடல்நுரையை, அதாவது கணவாய் மீனின் ஓட்டை, செருகிவைத்தால் அதுவே கொத்திக்கொள்ளும். இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். வீட்டில் நானும் மனைவியும் லவ் பேர்ட்ஸும்தான். அவளுக்குக் கழுத்தில் ஆபரேஷன் ஆகி, அதே சுண்ணாம்புச் சத்தை உடம்பில் நிறுத்துகிற சுரப்பியும் அதோடு போய்விட்டது. ஆயுசுக்கும் கால்சியம் மாத்திரை, ஒருவேளைகூடத் தவறக்கூடாது என்றார் டாக்டர். அவளுக்கு மாத்திரை தொண்டையில் இறங்காது. நான்தான் பொடித்துப் பாலில் கலந்து கொடுப்பேன். அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், என்னை ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்.

ஒருநாள் மஞ்சள் பெட்டை கால் முடங்கிக் கூண்டின் அடியில் கிடந்தது. பறவைத் தீனிக் கடையில் கடல்நுரை தீர்ந்துபோயிருந்தது. மனைவியின் மாத்திரை ஒன்றைப் பொடித்து, குழைத்து ஊட்டினேன். மறுநாள் முட்டை வந்துவிட்டது. இதில் என்ன தப்பு?

அன்று மாலைதான் அவள் சொன்னாள்: "இறகுத் தூசி எனக்கு ஒத்துக்கலைங்க. தம்பிகிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து கூண்டைத் தூக்கிட்டுப் போயிடுவான்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சரி" என்றேன். அடுத்த வேளையிலிருந்து பாலில் மைதா மாவு போட்டேன். மாத்திரைப் பொடி பெட்டைக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளுக்கு உதடு மரத்துப்போனது. மைத்துனன் வந்து, அக்காவைப் பார்த்துவிட்டுக் கூண்டை மறந்தே போனான். இதற்கிடையில் தீனிக் கடைக்குக் கடல்நுரை வந்துவிட்டது. வாங்கி மாட்டினேன். மாவை மட்டும் நிறுத்தவில்லை.

பிறகு அவள் விரல்கள் உள்பக்கமாக இழுத்துக்கொண்டன. பெட்டையின் காலில் பார்த்த அதே முடக்கம். பார்த்ததும் தெரிந்துகொண்டேன். தெரியாமல் செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள்.

வருத்தமா என்று கேட்கிறீர்கள். இல்லை. பறவைகள் வாயில்லா ஜீவன்கள், வேண்டியதைக் கேட்கத் தெரியாது. நாம்தான் பார்த்துச் செய்யவேண்டும். அவளுக்கு வாய் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேட்டாள். வலிப்பு வருவதற்குச் சற்று முன்பு, டம்ளரைப் பிடிக்க முடியாமல், "மாத்திரை போட்டீங்களாங்க?" என்றாள்.

"போட்டேன், குடி" என்று நானே புகட்டினேன்.