உள்தாழ்ப்பாள்

— காலை நீட்டி உக்காரணும்னு ஆசைப்பட்டேங்க. அது ஒரு குத்தமா?

— காலை நீட்டறதுக்கு எதுக்குடி ஃபர்ஸ்ட் கிளாஸ்? எதிர் சீட்டுல உக்காந்திருக்கறவர் மடியில நீட்டு. ரெண்டு ஸ்டேஷன் தாண்டிட்டா அவரும் சொந்தக்காரர்தான்.

— சார், மேடம், கவுண்டரை மறைச்சுக்கிட்டு நிக்காதீங்க. டிக்கெட்டை மாத்தணுமா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.

— மாத்தணும்.

— வேணாம்.

— அது ரெண்டு வார்த்தை.

— அது வந்து தம்பி, கோவிச்சுக்காதீங்க. எனக்குப் பூட்டு ரிப்பேர் கடை. வெட்டாத சாவி மொத்தமா வாங்கணும்னா அந்த ஊருக்குத்தான் போகணும். இவ என்னைவிட நல்லா பேரம் பேசுவா, அதனால கூடக் கூட்டிட்டுப் போவேன். இத்தனை வருஷமா ரெண்டாம் வகுப்புல போய்ட்டு வந்து எங்க உடம்புல எதுவும் குறைஞ்சு போயிடல.

— உங்களுக்கு என்ன குறையும்? போன தடவை என் தோள்ல சாஞ்சு தூங்குச்சே ஒரு அம்மா, அது விட்ட எச்சில்ல என் புடவை பாதி நனைஞ்சு போச்சு.

— அதே அம்மாதானே எழுந்ததும் தலை வாரிக்க உனக்குச் சீப்பு குடுத்துச்சு? ஃபர்ஸ்ட் கிளாஸ்ல எவன் சீப்பு குடுப்பான்? அங்க ஒவ்வொருத்தனும் மூஞ்சிக்கு முன்னால பேப்பரை விரிச்சு வெச்சுக்குவான். ஆள் இருக்கானா செத்துட்டானான்னு பாக்கவே பேப்பரை விலக்கணும்.

— சார், இது அப்படி இல்ல. கூபே. ரெண்டே பேருக்கு ஒரு தனி ரூம். யாரோ கடைசி நேரத்துல வேணாம்னுட்டாங்க, அதான் காலியா இருக்கு. பேப்பர்காரர் யாரும் வரமாட்டார். கதவு உண்டு, உள்ளே தாழ்ப்பாள் உண்டு.

— கேட்டீங்களா? உள்ளே தாழ்ப்பாள்!

— தாழ்ப்பாளைப் பாக்கவா டிக்கெட் எடுக்கற? நம்ம கடையில சுவர் முழுக்கத் தொங்குது, வந்து பாரேன்.

— கடையில தொங்குது. வீட்டுல தொங்குதா? தம்பி, நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. இவர் ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டிக் குடுக்கறவர். எங்க ரூம் கதவுக்கு ஒரு கொக்கி கிடையாது.

— அதுக்குக் காரணம் இருக்கு தம்பி. வீட்டுல ஒரே பாத்ரூம். அதுக்கு எங்க ரூமைத் தாண்டித்தான் போகணும். நாங்க தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா மத்தவங்க எங்க போவாங்க?

— அது ரூம் இல்ல தம்பி, பொதுவழி. மாமியார், கொழுந்தனார், ஓரகத்தி, அவங்க பிள்ளைங்க ரெண்டு, எல்லாரும் போவாங்க, வருவாங்க. கொழுந்தனார் விடியறதுக்குள்ள எங்க கட்டில் காலை இடிச்சுட்டு, "சாரி அண்ணி"ன்னுட்டுப் போவார். திரும்பி வரும்போது இன்னொரு காலை இடிப்பார்.

— அவனுக்குக் கண்ணு கொஞ்சம் மந்தம், பாவம்.

— பதினெட்டு வருஷமா எங்களுக்குப் பேச்சுன்னா குசுகுசுதான். எனக்குச் சம்பளம் ஏறுன சேதியை இவர்கிட்ட நாலு தடவை சொன்னேன். நாலு தடவையும் "யாருக்கு ஜுரம்?"னு கேட்டார்.

— ஓ. இப்பப் புரியுது. சார், சின்னவன் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அக்கா ஆசைப்படறாங்க. யோசிக்காம மாத்திடுங்க.

— ஏய்... அதுக்கா? இந்த வயசுலயா? பையன் ஹாஸ்டல்ல தங்கி காலேஜ் படிக்கறான்டி! மெதுவாப் பேசு, வரிசையில நிக்கறவங்க எல்லாம் இங்கயே பாக்கறாங்க.

— ஐயே, மூஞ்சி அதுக்குள்ள சிவந்துபோச்சு. அதுக்கில்லைங்க. எனக்குச் சண்டை போடணும்.

— என்னது?

— சண்டை. உங்ககூட. தொண்டை கிழிய. கல்யாணம் ஆனதுலேர்ந்து நாம ஒரு முழுச் சண்டை போட்டதில்ல. நான் வாயைத் திறந்தாலே, "ஸ்ஸ், அம்மா வர்றாங்க", "ஸ்ஸ், தம்பி குளிக்கறான்", "அப்புறம் பேசிக்கலாம்". அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்ல.

— அக்கா, சண்டைக்கா ஃபர்ஸ்ட் கிளாஸ்? நாங்கல்லாம் மொட்டைமாடிக்குப் போயிடுவோம். என்ன ஒண்ணு, போன வாரம் என் வீட்டுக்காரி கேட்ட கேள்விக்கு எதிர்மாடிக்காரர் கைதட்டிட்டார்.

— குடுத்து வெச்சவங்க.

— சண்டை போடற அளவுக்கு நான் என்னடி பண்ணிட்டேன்?

— ஒண்ணுமே பண்ணல. சண்டையே அதுக்குத்தான். தனிக்குடித்தனம் போலாமான்னு நான் கேக்க ஆரம்பிச்சு எவ்வளவு காலம் ஆச்சு? போலாம்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. கழுவுற மீன்ல நழுவுற மீன் நீங்க. இன்னிக்கு அந்தக் கதவைச் சாத்தினதும் எனக்குப் பதில் வேணும். வரலைன்னா என் வழியை நான் பாத்துக்கறேன்.

— அது வந்து... இங்கயே பேசிடலாமே. தம்பியும் இருக்கார், பொதுவான ஆளு.

— ஐயா, என்னை விட்டுடுங்க. என்னை இங்க டிக்கெட் குடுக்கத்தான் வெச்சிருக்காங்க.

— அப்ப ரெண்டாம் வகுப்புல உக்காந்து பேசலாம். நாலு பேர் இருந்தா நியாயமாவது கிடைக்கும்.

— நாலு பேர் இருந்தா நீங்க தப்பிச்சுக்குவீங்க. பக்கத்துல இருக்கறவர்கிட்ட "உங்க வீட்டுப் பூட்டு என்ன மாதிரி?"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா இறங்கற ஸ்டேஷன் வந்துடும். தம்பி, மாத்துங்க. மேல ஆகறதை நான் கட்டறேன். பல் டாக்டர்கிட்ட வர்றவங்களுக்கு டோக்கன் குடுத்து நான் சம்பாதிச்ச காசு. யாரையும் கேக்கணும்னு இல்ல.

— யோசிச்சுக்கோடி. கதவைச் சாத்திட்டா சாயங்காலம் வரைக்கும் உள்ளே நீயும் நானும் மட்டும்தான்.

— பயமா இருக்கா?

— ஆமாம்.

— இந்தாங்க அக்கா, மாத்தியாச்சு. முதல் பெட்டி, கடைசி ரூம். சார், தைரியமாப் போங்க. பக்கத்து ரூம்ல ஆள் இருக்கு. ரொம்ப முடியலைன்னா சுவத்தைத் தட்டுங்க.

\*

— தாழ்ப்பாள் போட்டாச்சா?

— போட்டுட்டேன். நல்ல சரக்குடி இது. பித்தளை. இழுத்தா எண்ணெய் விட்ட மாதிரி வழுக்கிட்டு வருது பாரு...

— அதை விட்டுட்டு இங்க வந்து உக்காருங்க.

— வண்டி கிளம்பட்டுமே.

— கிளம்பி ஊர் எல்லையே தாண்டியாச்சு. ஜன்னலைப் பாருங்க.

— சரி. உக்காந்துட்டேன். ஆரம்பி.

— என்ன சொல்ல வந்தேன்னா...

— சத்தமா சொல்லு, காதுல விழல. இங்க யார் இருக்கா?

— வரமாட்டேங்குதுங்க. பழக்கதோஷம். குரல் தானா அமுங்கிப்போகுது.

— குசுகுசுன்னு பேசவா இவ்வளவு செலவு பண்ணி வந்தோம்? கத்து.

— நீங்க முதல்ல கத்துங்க.

— நான் எதுக்கு? சண்டை உன்னோடது.

— நீங்க ஒரு கோழைங்க!

— ஆங், இது விழுது.

— கோழை! அம்மா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே தலை நரைச்சவரு! எவன் வீட்டுப் பூட்டா இருந்தாலும் திறந்துடுவீங்க, சொந்த வாயைத் திறக்கத் துப்பு கிடையாது!

— எங்கம்மாவை எதுக்குடி இழுக்கற? அவங்க உன்னை என்ன பண்ணாங்க?

— ஒண்ணும் பண்ணல! நல்லவங்க! அதனாலதான் பதினெட்டு வருஷம் ஓடிப்போச்சு! கொடுமைக்காரியா இருந்திருந்தா முதல் வருஷமே பெட்டியைத் தூக்கிட்டு வெளியே வந்திருப்பேன்!

— அப்புறம் ஏன்டி இந்தக் கோபம்?

— எங்கப்பா போனாரே, அன்னிக்கு ராத்திரி ஞாபகம் இருக்கா? தலகாணியைக் கடிச்சுக்கிட்டு அழுதேன். பாத்ரூம் போக வந்த உங்க தம்பியோட சின்னவன் நின்னு, "பெரியம்மா, பல்லு வலியா?"ன்னு கேட்டான். ஆமாம்டா கண்ணுன்னேன். மறுநாள் வீடே எனக்கு உப்புத்தண்ணி காய்ச்சிக் குடுத்துச்சு. அப்பாவுக்காக நான் இன்னும் வாய்விட்டு அழல. அழ ஒரு இடம் இல்லங்க எனக்கு.

— ...எனக்கு இது தெரியாதுடி.

— சொல்லியிருப்பேன். "அப்புறம்"னு சொல்லியிருப்பீங்க.

— இப்ப என்னை என்ன பண்ணச் சொல்ற?

— பண்ணச் சொல்லல. பண்ணிட்டேன். வீடு பாத்துட்டேன். எங்க கிளினிக்குக்குப் பின்னால இருக்கற சந்துல. ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு, யார் ரூமையும் தாண்டாம போற ஒரு பாத்ரூம். பேசி முடிச்சு சாவியும் வாங்கியாச்சு. ஒண்ணாம் தேதி நான் போறேன். நீங்க வந்தா ரெண்டு பேர், வரலைன்னா நான் ஒருத்தி. விளையாட்டுக்குச் சொல்லல.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— வீடு பாத்தது. சாவிக்கு நகல் போட உங்க கிளினிக் நர்ஸ் பொண்ணைத்தானே அனுப்புன? ஊர்ல வேற கடையே கிடைக்கலையா உனக்கு?

— உங்க கடைப்பக்கமே போகாதேன்னு படிச்சுப் படிச்சு சொல்லித்தான் அனுப்புனேன்! அந்தக் கழுதை உங்ககிட்டயா வந்துச்சு?

— வந்துச்சு. வேலை முடிஞ்சதும் என்ன சொல்லுச்சு தெரியுமா? "உங்க வீட்டுச் சாவிதானே சார், இதுக்குமா காசு கேப்பீங்க?"ன்னுச்சு.

— ஐயோ! அப்ப ஒரு வாரமா எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்களா?

— நம்ம ரூம்ல வெச்சு இதை எப்படிடி பேசறது? சரி, அந்த வீட்டைப் போய்ப் பாத்தேன். நல்லா இருக்கு. வெளிச்சம் வருது. அங்க திண்டாட்டமா இருந்தாலும் பரவாயில்ல, உன்கூட வந்துடறதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

— நிஜமாவா? சத்தமா சொல்லுங்க.

— வரேன்! உன்கூட வரேன்! போதுமா?

— என் ராசா! இதைச் சொல்லவா கவுண்டர்ல அப்படி வேர்த்துச்சு உங்களுக்கு?

— இதுக்கில்லடி. இன்னும் ஒண்ணு இருக்கு. அதை நினைச்சுத்தான் நாலு பேர் இருக்கற இடமா பாத்து உக்காரலாம்னேன். கத்தமாட்டேன்னு சொன்னா சொல்றேன்.

— கத்தத்தானே காசு கட்டி வந்திருக்கோம். சொல்லுங்க.

— அந்தப் பொண்ணு ரெண்டு சாவி கேட்டுச்சு. நான் மூணு வெட்டினேன். மூணாவதை அம்மா கையில குடுத்துட்டேன். சொல்லாமப் போக மனசு கேக்கலடி. பெத்தவ என்ன பாடுபடுவாளோன்னு இருந்துச்சு.

— குடுத்துட்டீங்களா! நான் ஒரு நாள் உள்ளே பூட்டிக்கிட்டுப் படுக்கல, அதுக்குள்ள சாவி அவங்க கைக்குப் போயாச்சு! அப்ப அங்கயும் பொதுவழிதானா? அவங்க அழுதாங்களா? அதையாவது சொல்லுங்க.

— அழல. வீட்டைப் பாத்துட்டு வரேன்னு கிளம்பினாங்க. போனவங்க சாயங்காலம்தான் திரும்பி வந்தாங்க. முகத்துல ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் அதுவரைக்கும் பாத்ததே இல்ல.

— என்னதான் சொன்னாங்க?

— "எலி வளையானாலும் தனி வளை வேணும்டா"ன்னாங்க.

— அடடா. நான்தான் அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன். பெரிய மனசுங்க அவங்களுக்கு. அப்ப நாம தனியாப் போறதுல அவங்களுக்கு வருத்தம் இல்ல.

— நாம எங்கடி போறது? நாம வீட்டை விட்டுக் கிளம்பின கையோட, தன் பெட்டியை எடுத்துக்கிட்டு அவங்க இந்நேரம் அங்க குடி போயிருப்பாங்க. உங்க யார் தூக்கமும் கெடக்கூடாதேன்னு நுனிக்கால்ல பாத்ரூமுக்கு நடந்து நடந்து எனக்குக் காலே போச்சுடா, இனிமேலாவது நிம்மதியா இருக்கேன்னு சொன்னாங்க. நீ எப்ப வேணா வந்து பாக்கலாமாம். ஆனா கதவைத் தட்டிட்டுத்தான் வரணும்னு கண்டிப்பா சொல்லச் சொன்னாங்க.